விருந்து தின்று செத்த மீன்கள்

செத்த மீன் சாட்சி சொல்ல வராது என்ற தைரியத்தில்தான் அந்த ஆள் நிம்மதியாகத் தூங்கியிருப்பான். பாவம், அவனுக்கு சௌடேஸ்வரியைச் சரியாகத் தெரியாது.

சௌடேஸ்வரி அருப்புக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறார். வருகிற கேஸில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரிப்புதான். குடிப்பானா, ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறதா, சொன்ன வேலையில்தான் இருக்கிறானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவருடைய ஒரே உதவியாளன் பால்ச்சாமி. டிரைவர், டீ வாங்குகிறவன், வாய் ஓயாமல் பேசுகிறவன் எல்லாம் அவனே. சொந்தமாக ஒரு லோடு ஆட்டோ வைத்திருந்தான். கேஸ் இல்லாத நாளில் வெங்காயம் ஏற்றுவான், கேஸ் உள்ள நாளில் மேடத்தை ஏற்றுவான். இரண்டிலும் கண்ணீர் நிச்சயம் என்பது அவன் வழக்கமாக அடிக்கும் ஜோக்.

அன்று காலை திருச்சுழிக்குத் தெற்கே, கருவேலங்காட்டைத் தாண்டி, தங்கமாரியின் பண்ணைக்குட்டைக் கரையில் ஆட்டோவை நிறுத்தியவன் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டான். கட்லாவும் ரோகுவுமாகச் செத்த மீன்கள் குவிந்து கிடந்தன.

இந்தக் கேஸைக் கொண்டுவந்ததே பால்ச்சாமிதான். தங்கமாரியின் தம்பி அழகுராஜா அவனோடு ஒரே பெஞ்சில் படித்தவன். அப்பா இல்லாமல் பால்ச்சாமி தெருவில் திரிந்த வயதில், தம்பிக்குச் சோறு போடும்போது இவனுக்கும் ஒரு தட்டு வைத்தவள் தங்கமாரி. கூலிக்குப் போன குடும்பத்தில் முதன்முதலாகத் தன் பேரில் நிலம் எழுதி, அதில் குட்டை வெட்டி மீன் விட்டவளும் அவள்தான். மகள் பிரசவத்துக்காகத் திருப்பூர் போனபோது குட்டையையும் அடுக்கி வைத்த தீனி மூட்டைகளையும் தம்பி கையில் ஒப்படைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் தண்ணீர் முழுக்க வெள்ளை வயிறுகள் மிதந்தன.

பக்கத்து நிலத்துக்காரர் விஜயபாண்டி பூச்சிமருந்தைக் கலந்துவிட்டார் என்று அழகுராஜா போலீஸில் சொன்னான். தான் தினம் தவறாமல் தீனி போட்டு மூட்டை அத்தனையும் தீர்ந்துபோனதாகவும், அவர் சாக்கோடு வந்து கொட்டியதைக் கண்ணால் பார்த்ததாகவும் சொன்னான். போர்வெல் தண்ணீருக்காக இரண்டு வீட்டுக்கும் ரொம்ப நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. கேட்க வேண்டுமா? விஜயபாண்டியை முந்தின நாளே திருச்சுழி ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள். சாயங்காலம் கோர்ட்டுக்குக் கொண்டுபோவதாகப் பேச்சு. தண்ணீர் ஆய்வுக்குப் போயிருந்தது, ரிப்போர்ட் வர நாளாகும். அதற்குள் ஒரு சாட்சியம் கிடைத்தால் கேஸ் கெட்டியாகும், நம்ம பால்ச்சாமியோட மேடத்தைக் கூப்பிடுவோம் என்று யோசனை சொன்னவனும் அழகுராஜாதான்.

"மேடம், கோர்ட்டு என்னமும் சொல்லிட்டுப் போகட்டும்" என்ற தங்கமாரி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காசை எடுத்துக் காட்டினாள். "கருப்பசாமி கோயில்ல இதை வெட்டிப் போட்டாத்தான் எனக்கு நெஞ்சு ஆறும்."

காசு வெட்டுவது அந்தப் பக்கத்தில் விளையாட்டுக் காரியமில்லை. சாமி முன்னால் காசை உளி வைத்து இரண்டாக்கி, கெடுத்தவன் எவனோ அவன் விளங்கக் கூடாது என்று சொல்லிவிட்டால் அவனோடு உறவு அறுந்தது. அதற்கப்புறம் நல்லது கெட்டதுக்கு ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கக் கூடாது. ஸ்டேஷனில் சத்தியம் பண்ணிப் பொய் சொல்கிறவன்கூட அந்தக் கோயில் பக்கம் போகத் தயங்குவான்.

"வேணாம்க்கா" என்று அழகுராஜா அவசரமாகக் குறுக்கே வந்தான். "போலீசு பாத்துக்கிரும். நாம எதுக்குச் சாபம் விட்டுப் பாவத்தத் தேடணும்?"

"ஏலே, நேத்துப் பகல்லயும் இதத்தான சொன்ன? ராத்திரியும் இதத்தான சொன்ன?"

"மாப்ளைக்கு இளகின மனசுக்கா" என்றான் பால்ச்சாமி. "அஞ்சாப்புல வாத்தியாரு அடிச்சது என்னைய. அழுதது இவன்."

சௌடேஸ்வரி சிரிக்கவில்லை. அழகுராஜாவின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குட்டையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். விஜயபாண்டியின் நிலத்தை ஒட்டிய வடக்கு மூலைக்கு வந்ததும் நின்றார். அவருடைய நிழல் தண்ணீரில் விழுந்த இடத்தில் பத்துப் பதினைந்து மீன்கள் வாயைத் திறந்துகொண்டு மேலே வந்தன.

"இந்த மூலைல மட்டும் உயிரோட இருக்கே?"

"அதுக தப்பிச்சிருச்சு மேடம்" என்றான் அழகுராஜா.

"விஜயபாண்டி கொட்டினது எந்த மூலைல?"

அழகுராஜா அக்காவைத் திரும்பிப் பார்த்தான். போலீஸில் சொன்னதை மாற்ற முடியாது. "இதே மூலைதான்."

"மருந்து கொட்டின மூலைல மீனு பொழைச்சிருக்குன்னா அது மருந்து இல்ல மேடம், டானிக்கு" என்றான் பால்ச்சாமி.

தங்கமாரி முறைத்தாள். "மருந்தக் கொட்டிட்டு, நான் தவிடுதாம்மா போட்டேன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்றாரு அந்த ஆளு. எனக்கும் அவருக்கும் பேச்சே கெடையாது, என் மீனுக்கு அவரு தவிடு போடுறாராம்! மண்ண வாரித் தூத்துனேன், வாயத் தொறக்காமப் போலீசு ஜீப்புல ஏறிட்டாரு."

அக்காவும் தம்பியும் செத்த மீனைப் புதைக்கக் குழி தோண்டப் போனார்கள். சௌடேஸ்வரி மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து பால்ச்சாமியிடம் கத்தியை நீட்டினார். "ஒரு மீன அறு."

"நான் எதுக்கு மேடம்?"

"எங்க வீட்ல மீனே சமைக்க மாட்டாங்க. எனக்கு எங்க அறுக்கணும்னுகூடத் தெரியாது."

பால்ச்சாமி ஒரு கட்லாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "தலை மட்டும் பெருசா இருக்கு, உடம்பு ஒட்டிப்போயிருக்கு. தேர்தல் போஸ்டர்ல நிக்கிற வட்டச் செயலாளர் மாதிரி."

"வயித்தப் பாரு."

வயிற்றைக் கிழித்தான். குடலின் முன்பாதியில் உருண்டைத் தீனி திணித்து வைத்தாற்போல் அடைத்துக் கிடந்தது. ஒன்றுகூடக் கரையவில்லை, கடையில் வாங்கிய மாதிரியே இருந்தது. பின்பாதியில் ஒன்றுமே இல்லை. குடல் சுருங்கிப் போய், தறியில் அறுந்த இழையாகத் தொங்கியது. இன்னொன்றை அறுத்தான், அதுவும் அப்படித்தான். மூன்றாவதும் அப்படியே.

"பங்குனிப் பொங்கலுக்கு நீ விரதம் இருந்தியே" என்றார் சௌடேஸ்வரி. "அக்கினிச்சட்டி எடுத்து முடிச்சதும் என்ன சாப்பிட்ட?"

"அத ஏன் மேடம் ஞாபகப்படுத்துறீங்க? கஞ்சில ஆரம்பிடான்னு எங்கம்மா கரடியாக் கத்துச்சு. நான் நேரா கடைக்குப் போயி பரோட்டாவும் சால்னாவுமா ஒரு கட்டு கட்டினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஆஸ்பத்திரில குளுக்கோஸ். பொங்கல அங்கதான் கொண்டாடுனேன்."

"இந்த மீனெல்லாம் உன் கட்சி" என்று சொல்லிவிட்டு சௌடேஸ்வரி தூத்துக்குடியில் மீன் வளர்ப்பு படித்து அதே வேலையில் இருக்கும் தன் சித்தி மகன் ஹரிஹரசுதனுக்குப் போன் போட்டார். இரண்டு பேர் வீட்டிலும் பேசுகிற கன்னடத்தில் பேச்சு ஓடியது. பால்ச்சாமிக்கு ஒரு வார்த்தை புரியாவிட்டாலும், மேடத்தின் புருவம் மேலே ஏறுவதைப் பார்த்தே கேஸ் எங்கேயோ திரும்புகிறது என்று தெரிந்துகொண்டான்.

போனை வைத்துவிட்டு அவர் சொன்னார். "சந்தைக்குக் கொண்டுபோற முன்னாடி மீனை ஒரு நாள் பட்டினி போடுவாங்களாம், குடல் சுத்தமா இருக்கணும்னு. அதுல தப்பில்ல. ஆனா வாரக்கணக்குல தீனி இல்லன்னா குடல் மெலிஞ்சு சுருங்கிப் போகுமாம். செரிக்க வைக்கிற நீர் ஊறுறதும் குறைஞ்சு போகும். திரும்பத் தீனி ஆரம்பிச்சா, கொஞ்சம் கொஞ்சமாப் போட்டுப் பழக்கணும். எடுத்த எடுப்புல மூட்டையைக் கொட்டினா மீன் பசியில அள்ளித் தின்னும். தின்னது செரிக்காது, தின்னாதது தண்ணியக் கெடுக்கும். விடியறதுக்குள்ள எல்லாம் மிதக்கும்."

"அப்ப அந்த மூலைல பொழைச்ச மீனு?"

"அதுகளுக்கு யாரோ தினமும் கொஞ்சம் கொஞ்சமா ஊட்டியிருக்காங்க. அதுகளோட குடல் தன் வேலைய மறக்கல."

பால்ச்சாமி வடக்கு மூலையைப் பார்த்தான். தவிடுதாம்மா போட்டேன். அந்த ஆள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். யாரும் காதில் வாங்கவில்லை.

"அழகுராஜா என்ன சொன்னான்? தினம் தவறாம தீனி போட்டேன், மூட்டை அத்தனையும் தீந்து போச்சுன்னு சொன்னான்" என்றார் சௌடேஸ்வரி. "மூட்டை தீந்தது நிஜம். கடைசி நாள் தவிர மீன் தின்னல. அப்ப தின்னது யாரு?"

"எலியா இருக்கும் மேடம்."

"எலி மூட்டையோடவா தூக்கிட்டுப் போகும்? வண்டி வேணும் பால்ச்சாமி. அழகுராஜாகிட்ட வண்டி இருக்கா?"

"அவன்கிட்ட ஏது? எப்பவும் என் ஆட்டோவத்தான்..."

பாதியில் நின்றுவிட்டான். சௌடேஸ்வரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதுதான் அவனை அதிகமாகப் பயமுறுத்தியது.

"நீ ஆபீஸ்ல ஒரு ஜோக் சொன்ன" என்றார் மெதுவாக. "உன் சிநேகிதன் நரிக்குடில மச்சான் வீட்டு ஆட்டுக்குத் தீனி அனுப்புறான், மூட்டையத் தூக்கினா கருவாட்டு வாசம் அடிக்குது, ஆடு அசைவமா மாறிருச்சு போலன்னு. நான்கூடச் சிரிச்சேன்."

பால்ச்சாமி தன் ஆட்டோவைத் திரும்பிப் பார்த்தான். அத்தனை மூட்டையையும் தார்ப்பாய் போட்டு மூடி, பாட்டுப் போட்டுக்கொண்டு, வாடகைகூட வாங்காமல் கொண்டுபோய் இறக்கியவன் அவன்தான்.

"இருக்காது மேடம்" என்றான். "மாப்ள அப்படிச் செய்ய மாட்டான். நிஜமாவே ஆட்டுக்குத்தான் இருக்கும்."

"சரி, ஆட்டையே போய்க் கேட்போம். வண்டிய எடு."

நரிக்குடி போகும் வழியில் பால்ச்சாமி பாட்டுப் போடவில்லை. ஒரு ஆடு, ஒரே ஒரு ஆடு அந்தத் தீனியைத் தின்றுகொண்டிருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டே ஓட்டினான். அவன் மூட்டை இறக்கிய தகரக் கொட்டகை கண்மாய்க் கரையை ஒட்டி இருந்தது. இத்தனை தடவை வந்தும் கொட்டகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவன் எட்டிப் பார்த்ததில்லை. சிநேகிதன் காரியம், எதற்குத் துருவ வேண்டும்?

வேலி ஓரமாக ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கருத்தம்மாள் அவனைக் கண்டதும் சிரித்தாள். "என்ன தம்பி, இன்னைக்கு மூட்டை இல்லாம வந்திருக்கீக?"

"அந்த மூட்டையெல்லாம் ஒங்க ஆட்டுக்குத்தானக்கா?" என்றான் பால்ச்சாமி.

"எங்க ஆட்டுக்கா? அதுக கருவேலங்காயத் தின்னுட்டுக் கெடக்குதுக. அது மீனுத் தீனில்ல? பின்னாடி குட்டை இருக்கே, பாத்ததில்லையா? அழகுராஜாத் தம்பியும் அவுக மச்சானும் சேந்து வெட்டுனது. காலைல, சாயங்காலம்னு வேளை தப்பாமத் தீனி போடுவாக. மீனு ஒவ்வொண்ணும் கொழுகொழுன்னு கெடக்கு!"

சௌடேஸ்வரி பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பால்ச்சாமி போகவில்லை. ஆட்டோவின் பின்பக்கத்தில் பலகை இடுக்கில் கைவிட்டுத் துழாவினான். இரண்டு மூன்று உருண்டைத் தீனி கையில் வந்தது. சற்று முன் செத்த மீனின் குடலில் அவன் பார்த்த அதே உருண்டை. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டான்.

மத்தியானத்தில் திரும்பினார்கள். குட்டைக் கரையில் குழியை மூடிவிட்டு அக்காவும் தம்பியும் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கமாரி தூக்குவாளியைத் திறந்து தம்பிக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தாள்.

"பால்ச்சாமி, நீயும் வாடா. சாப்பிட்டிருக்க மாட்ட" என்று இன்னொரு தட்டை எடுத்தாள்.

அவன் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"தங்கமாரியக்கா" என்றார் சௌடேஸ்வரி. "காலைல நீங்க சொன்னதுதான் சரி. வாங்க, கோயிலுக்குப் போயி காசு வெட்டிட்டு வந்திருவோம். ஒண்ணு மட்டும், விஜயபாண்டி பேரைச் சொல்ல வேண்டாம். என் மீனைக் கொன்னவன் எவனோ அவன் விளங்கக் கூடாதுன்னு சொல்லி வெட்டுங்க. சாமிக்கு ஆளைத் தெரியும்."

தங்கமாரி எழுந்துவிட்டாள். அழகுராஜாவின் கையிலிருந்த சோறு தட்டில் விழுந்தது.

"வேணாம்க்கா! பேரு சொல்லாம வெட்டக் கூடாதுக்கா!"

"பேர் சொன்னா சரியா?" என்றார் சௌடேஸ்வரி. "விஜயபாண்டி பேர் சொல்லி வெட்டுனா உங்களுக்குப் பயமில்லையா?"

அழகுராஜா தட்டைத் தள்ளி வைத்தான்.

"போலீஸ்ல கண்ணால பாத்தேன்னு கையெழுத்துப் போட்டீங்க, கை நடுங்கல. ஒரு காசுக்கு இந்த நடுக்கம் நடுங்குறீங்க. காலைலயே அது எனக்கு உறுத்துச்சு. நரிக்குடில உங்க மீனைப் பாத்துட்டு வர்றோம் அழகுராஜா. நல்லா வளத்திருக்கீங்க."

தங்கமாரி தம்பியையும் சௌடேஸ்வரியையும் மாறி மாறிப் பார்த்தாள். "நரிக்குடில இவனுக்கு ஏது மீனு?"

பால்ச்சாமி முன்னால் வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினான். "உன் மூட்டைதான்க்கா. நான்தான் ஏத்திட்டுப் போயி எறக்குனேன். ஆட்டுத் தீனின்னு சொன்னான். உன் மீனு இங்க பட்டினி கெடந்திருக்கு."

அழகுராஜா அக்காவின் காலைப் பிடித்தான். "கொல்லணும்னு நெனைக்கலக்கா, சத்தியமா. நீ வாரேன்னு போன் போட்ட. மீனப் பாத்தா தலையும் எலும்புமா நிக்கிது. ஒன் கண்ணுல படக் கூடாதேன்னு நரிக்குடிலருந்து மச்சான் பைக்குல ரெண்டு மூட்டைய எடுத்துட்டு வந்து ஒரே வேளையில கொட்டுனேன். தின்னா உடம்பு ஏறிரும்னுதான்... விஜயபாண்டி தெனமும் ஒரு படி தவிடு கொண்டாந்து போட்டுட்டு, ஏன்டா இதுகளப் பட்டினி போடுறன்னு என்னைய வஞ்சாரு. அவரு வாயத் தொறந்தா நான் மாட்டுவேன்னு முந்திக்கிட்டேன்."

"என்னைய எதுக்குடா கூப்புட்ட?" என்றான் பால்ச்சாமி. "ஊர்ல வேற துப்பறியுற ஆளே இல்லையா?"

அழகுராஜா அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "மூட்டை ஏத்துனது நீதான? உண்மை தெரிஞ்சா நீயும் உள்ள போகணும். ஒன்னையக் காப்பாத்த ஒங்க மேடம் அமுக்கிருவாகன்னு நெனச்சேன் மாப்ள."

பால்ச்சாமிக்கு அடிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் கை எழவில்லை. முப்பது வருஷச் சிநேகிதத்தில் தன்னை நம்பித்தான் கூப்பிட்டான் என்று காலையில் இவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்திருந்தான். அவன் இவனை நம்பிக் கூப்பிடவில்லை, கேடயமாகப் பிடிக்கத்தான் கூப்பிட்டிருக்கிறான்.

தங்கமாரி அழவில்லை. கையிலிருந்த காசைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, காலைப் பிடித்திருந்த தம்பியின் கையை விலக்கி, அந்தக் கையிலேயே காசை வைத்தாள்.

"கேட்டிருந்தா குட்டையையே குடுத்திருப்பேனேடா" என்றாள். "இத நான் வெட்டல. நீயே வச்சுக்க. எப்ப வெட்டலாம்னு தோணுதோ அப்ப வெட்டிக்க."

அழகுராஜா நெருப்பைத் தொட்டவன் மாதிரி அலறினான். காசைக் கீழே போடவும் அவனுக்குப் பயம், மூடிக்கொள்ளவும் பயம். விரித்த கையோடேயே ஆட்டோவில் ஏறினான்.

திருச்சுழி ஸ்டேஷனில் முதல் வாக்குமூலம் பால்ச்சாமியுடையது. மூட்டை ஏற்றியதில் ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னான். சிரிக்க வைக்கிற மாதிரி ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. எழுதிக்கொண்டிருந்த ஏட்டு, "நெசமாவே நீ பால்ச்சாமிதானா?" என்று ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். சௌடேஸ்வரி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எதையும் அமுக்கச் சொல்லவில்லை, முடித்ததும் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான்.

அழகுராஜாவை உள்ளே கூப்பிட்ட கொஞ்ச நேரத்தில் விஜயபாண்டியை வெளியே விட்டார்கள். கசங்கிய வேட்டியோடு வாசலுக்கு வந்தவர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினார். எதிரே தங்கமாரி நின்றாள். மண்ணை வாரித் தூற்றிய கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டிருந்தாள்.

விஜயபாண்டிதான் கேட்டார்.

"அந்த மூலைல நிக்கிற மீனுக்கு நேத்தும் இன்னைக்கும் யாராவது தவிடு போட்டீகளா?"

தங்கமாரி அப்போதுதான் உடைந்தாள்.

"இல்லண்ணே" என்றாள். "யாரும் போடல."